ரெண்டாவது திரை வேல செய்யுதில்ல

கம்பியூட்டர் திருத்துகிறவனின் கடைக்கு நல்ல மனதோடு யாரும் வருவதில்லை. வருகிறவரின் கோபத்தில் பாதி இயந்திரத்துக்கு, மீதி நமக்கு.

கல்முனையில் பதினொரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தேநீர் கொட்டிய விசைப்பலகை, எறும்பு குடியேறிய பெட்டி, கடல் காற்றில் துருப்பிடித்த பிளக், இவை எதுவும் எனக்குக் கோபம் தருவதில்லை. கழற்றிப் பார்த்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். எனக்குக் கோபம் வருவது, வயரும் சரி, திரையும் சரி, மின்சாரமும் சரி என்று இருக்கும்போது இரண்டாவது திரை மட்டும் தன் இஷ்டத்துக்கு எதையாவது காட்டுவதைப் பார்க்கும்போதுதான். நேற்று மாலை நன்றாக இருந்திருக்கும். இன்று காலை ஒரு அப்டேட். யாரும் கேட்காத அப்டேட்.

மேசையில் இரண்டு திரை வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எழுதிக்கொண்டிருந்த கடிதம் காணாமல் போய், போன கிழமை கழற்றி வைத்த திரைக்குள் அது திறந்து கிடக்கிறது என்று அரை மணித்தியாலம் கழித்துக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள். வலப்பக்கம் இருக்கும் திரைக்குப் போக மவுஸை இடப்பக்கம் இழுத்துப் பழகியவர்கள் நீங்கள். அந்த நேரத்தில் உங்கள் வாயில் வந்த சொற்கள் எனக்கும் வரும். வாடிக்கையாளர் முன்னால் நிற்பதால் விழுங்கிவிடுவேன். விழுங்கியதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கபூல் நேரத்துப் பனிமலை

பரீனா மாமி கல்முனைக்குடியில் எங்கள் தெருக்காரர். கணவர் மௌத்தாகி ஆறு வருடம். மகளின் நிக்காஹுக்கு மூத்த மகன் சப்ராஸ்தான் வலியாக, தகப்பன் இடத்தில் பொறுப்பாளராக, நின்று தங்கையை ஒப்புக்கொடுக்க வேண்டும். மண்டபத்தில் ஆண்கள் கீழே, பெண்கள் மேல்மாடியில். கீழே நடப்பதை மேலே ஒரு பெரிய டீவியில் காட்டுவதற்காக, படப்பிடிப்பாளரின் லெப்டொப்பிலிருந்து நீளமான வயர் இழுத்துக் கொடுத்தவன் நான். காலையில் இரண்டு தடவை சரிபார்த்தேன். லெப்டொப்பில் தெரிந்த கமராப் படம் அப்படியே மேலே டீவியிலும் தெரிந்தது. மாமி நேரத்தோடு வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

நிக்காஹ் தொடங்கச் சற்று முன்னர், மேசையைக் கொஞ்சம் தள்ளி வைப்பதற்காகப் படப்பிடிப்பாளர் வயரைக் கழற்றி மறுபடி செருகியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. செருகியதும் அந்த லெப்டொப் காலையில் நான் வைத்ததை மறந்துவிட்டு, இரண்டு திரையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டது. கீழே எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. மேலே டீவிக்குப் போனது லெப்டொப் வாங்கும்போதே கூட வருகிற பின்னணிப் படம்: பனி மூடிய ஒரு மலை. மேலிருந்த பெண்கள் எனக்கும் சப்ராஸுக்கும் மாறி மாறி அழைத்திருக்கிறார்கள். நிக்காஹ் நேரம் என்று எங்கள் போன்கள் சத்தமில்லாமல் கிடந்தன. சப்ராஸ் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுத்தது, மாப்பிள்ளை சம்மதித்துக் கபூல் சொன்னது, துஆ, எல்லாம் முடிந்த பிறகு போனை எடுத்துப் பார்த்தால் பதினொரு அழைப்பு.

இரண்டு பொத்தானை ஒன்றாக அமத்தி அதைச் சரி செய்ய எனக்கு நான்கு செக்கன் எடுத்தது. அந்த நான்கு செக்கனை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். மேலே படம் வந்தபோது கீழே ஆண்கள் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். படப்பிடிப்பாளரிடம் கடுமையாகத்தான் கதைத்தேன். பதிவு இருக்கிறதுதானே, பிறகு போட்டுக் காட்டினால் போச்சு என்றார். போட்டுக் காட்டினோம். மாமி கடைசி வரை பார்த்தார், எல்லாருக்கும் நன்றி சொன்னார். பிறகு என்னை மட்டும் கிட்டக் கூப்பிட்டார்.

“என்ட மகன் என்ட மகள ஒப்புக்குடுக்கக்குள்ள, நான் ஒரு பனிமலையப் பாத்துக்கிட்டு இரிந்தன், தம்பி.”

உதவிக்கு ஒரு இலக்கம்

பாண்டிருப்பில் வீட்டுப் பிளான் கீறுகிறவர் குகன் அண்ணன். ஒரு திரையில் பிளான், மற்றதில் அளவுகள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அவருடைய இரண்டாவது திரை பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் கறுத்துப் போய்த் திரும்பி வரத் தொடங்கியது. வரும்போது அளவுகள் எல்லாம் முதலாவது திரையில் பிளானுக்கு மேல் குவிந்து கிடக்கும். குசினி எது, கக்கூஸ் எது என்று தெரியாத நிலைமை. வயரை மாற்றினேன், திரையை மாற்றினேன். பிழை இரண்டிலும் இல்லை என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். ஆனால் மாற்றிப் பார்க்காமல் அழைத்தால் மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள்.

இயந்திரத்தை விற்ற கம்பனியின் உதவி இலக்கத்துக்குக் குகன் அண்ணனின் மேசையில் இருந்தே அழைத்தேன். தமிழுக்கு ஒரு இலக்கத்தை அமத்தச் சொன்னது. அமத்தினேன். பாட்டு வந்தது. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒருவர் வந்து, பெட்டியின் தொடர் இலக்கம் எங்கே ஒட்டியிருக்கிறது, எப்போது வாங்கியது, அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். கடைசியில் அவர் தந்த தீர்வு, இரண்டாவது திரையைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் பாவித்தால் இந்தப் பிரச்சினை வராது என்பது. மேலதிகாரியோடு கதைக்க வேண்டும் என்றேன். மறுபடி பாட்டு வந்தது, பிறகு லைன் அறுந்தது.

கடைசியில் புதிய அப்டேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பழையதைப் போட்டு, இனிமேல் அது தானாக ஏறாதபடி பூட்டி வைத்தேன். திரை இன்றுவரை கறுக்கவில்லை. அன்றைக்கு நான் போனை மேசையில் எறியாத குறை. குகன் அண்ணன் முழுவதையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பென்சில் சீவியபடி இருந்தார்.

“ஒரு கண்ணப் பொத்திக்கொண்டு கீறச் சொல்றாரோ, றிஸ்வி?”

காத்திருக்கிற அறை டீவி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். டொக்டர், நோயாளி பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஒரு டொக்டரின் தனியார் கிளினிக். உள்ளே அவருடைய மேசையில் ஒரு திரை, அதில் நோயாளியின் விபரங்கள். அதே கம்பியூட்டரிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போன வயரில் இரண்டாவது திரையாக ஒரு டீவி, அதில் அடுத்த நம்பர் மட்டும் வரும். இப்படி ஒரே பெட்டியில் இரண்டையும் கட்ட வேண்டாம், வெளியே நம்பர் காட்டச் சின்னதாக வேறொரு கம்பியூட்டர் வையுங்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். வயர் இருக்கும்போது இன்னொன்று என்னத்துக்கு என்றார் டொக்டர். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அந்த இடத்தில் எனக்கும் பிழை உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கம்பியூட்டர் தன்பாட்டில் அப்டேட் செய்து, அணைந்து, எழும்பியது. எழும்பும்போது உள்ளே தெரிவதை அப்படியே வெளியேயும் காட்டத் தொடங்கிவிட்டது. டொக்டரின் திரையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும். உள்ளே ஒரு பெண் இருந்தார். பிள்ளை தங்காமல் போனதற்காக வைத்தியம் செய்துகொண்டிருந்தவர். அவருடைய பெயர், வயது, எத்தனை தடவை கரு கலைந்தது, கணவருடைய பரிசோதனை அறிக்கை, எல்லாம் பெரிய எழுத்தில் வெளியே சுவரில். பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்த அறை அது. அவர்களில் ஒருவர் அவருடைய மதினி.

நம்பர் கூப்பிடுகிற நஸ்லியா என்ற தங்கச்சிதான் முதலில் கண்டது. டீவியின் சுவிட்ச் அலுமாரிக்குப் பின்னால், கை எட்டாது. அந்தப் பிள்ளை கதிரையில் ஏறி, தொழுகைக்கு வைத்திருந்த துணியை விரித்து டீவியை மூடிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எனக்கு அழைத்தது. என் கடை இரண்டு கட்டிடம் தள்ளி. ஓடிப்போய் அலுமாரியை இழுத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். டொக்டர் வெளியே வந்து, எவ்வளவு நேரத்தில் டீவியைத் திரும்பப் போடலாம், நம்பர் குழம்புகிறது என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. சுவருக்குள் போன வயரை இருபக்கமும் வெட்டி எடுத்து அவருடைய மேசையில் சுருட்டி வைத்தேன். அடுத்த கிழமை வெளியே தனிக் கம்பியூட்டர் வந்தது.

அந்தப் பெண் இப்போது வைத்தியத்துக்கு மட்டக்களப்புக்குப் போகிறார் என்று நஸ்லியா சொன்னாள். அன்று அவர் அறையை விட்டு வெளியே வந்தபோது எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் பிளக்கைக் கண்டவர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கறுத்துக் கிடந்த டீவியை நிமிர்ந்து பார்த்தார்.

“டீவிய நிப்பாட்டிட்டீங்க தம்பி. பாத்த ஆக்கள்ற வாய ஆரு நிப்பாட்டுற?”

தராசுக்கு மேல் துணி

நெல் ஆலை ஒன்றில் லொறிகளையும் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டிகளையும் ஏற்றி நிறுக்கிற தராசு. நிறை கம்பியூட்டரில் விழும். உள்ளே கணக்கு எழுதுகிற கிளாக்கருக்கு ஒரு திரை, ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்தபடி விவசாயிக்கு ஒரு திரை. உள்ளே விழுகிற இலக்கம் வெளியிலும் விழ வேண்டும். ஒரு நாள் வெளித்திரை முந்திய வண்டியின் இலக்கத்திலேயே இறுகி நின்றுவிட்டது என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது அந்தத் திரைக்கு மேல் ஒரு துணி போட்டு மூடியிருந்தது.

உண்மையாகவே அது மென்பொருள் பிழைதான். தராசுச் செயலி பழையது, அப்டேட் புதியது, இரண்டாவது திரைக்கு இலக்கத்தை அனுப்புகிற பகுதி இரண்டுக்கும் நடுவில் செத்துப்போயிருந்தது. பகல் முழுக்க இருந்து சரி செய்தேன். அந்த நேரம் இறக்காமத்திலிருந்து, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற அலியார் நெல்லோடு வந்திருந்தார். விதைத்த நாளிலிருந்து வெட்டும்வரை வயல் வட்டையில் யானைக்குக் காவல் இருந்து காப்பாற்றிய நெல். அவருடைய பெட்டியை ஏற்றி நிறுத்துப் பார்த்தோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே இலக்கம். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேநீர் தந்தார். நல்ல மனிதரைப் போல்தான் கதைத்தார். தராசின் இலக்கம் நேராக வெளியே போகத் தேவையில்லை, கிளாக்கர் கையால் அடிக்கிற இலக்கம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முதலில் எனக்கு விளங்கவில்லை. கிளாக்கர் நிறையைக் குறைத்து அடித்தால் விவசாயிக்குத் தெரியாது என்பது விளங்கியதும் தேநீரை வைத்துவிட்டு எழும்பினேன். முடியாது என்று மட்டும் சொன்னேன். இதைவிட நல்ல பதில்கள் எல்லாம் மோட்டார் சைக்கிளில் வரும்போதுதான் வாயில் வந்தன. காரைதீவுச் சந்தி வரைக்கும் தனியாக ஏசிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளே அந்தத் திரையைக் கழற்றிவிட்டு, மென்பொருள் கோளாறு என்று எழுதிய கடதாசியை ஜன்னலில் ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்கு எரிந்தது அந்தக் கடதாசியில்தான். உங்களுக்கும் எனக்கும் தெரியும், மென்பொருள் செய்கிற அநியாயம் ஒன்றா இரண்டா. ஆனால் இந்த அநியாயத்தை அது செய்யவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு அலியார் காக்கா என் கடையைத் தேடி வந்து, அது திருத்த முடியாத பிழைதானா என்று கேட்டார். திருத்திக் கொடுத்துவிட்டேன் என்றும், முதலாளி என்ன கேட்டார் என்றும் மறைக்காமல் சொன்னேன். ஊருக்குப் போய் மற்றவர்களிடமும் கதைத்திருக்கிறார். அந்தப் போகம் இறக்காமத்து நெல்லில் பெரும்பகுதி வேறு ஆலைக்குப் போனது. அடுத்த போகம் ஜன்னலில் திரை மறுபடி வந்துவிட்டது, இலக்கமும் சரியாக விழுகிறது என்று கேள்வி. என்னைக் கூப்பிடவில்லை, இனிக் கூப்பிடவும் மாட்டார்கள். அலியார் காக்கா கடையை விட்டு இறங்கும்போது சொன்னதுதான் நெஞ்சில் நிற்கிறது.

“யான வட்டைக்குள்ள எறங்கினா சத்தம் கேக்கும், தம்பி. இது சத்தமில்லாமத் திண்டிரிக்கி.”

இல்லாத திரை

இதுவரை மற்றவர்களை ஏசினேன். இது என்னை நானே ஏசுவது.

அட்டாளைச்சேனையில் ஹஸ்னா என்று ஒரு பிள்ளை. வெளிநாட்டுக் கணக்கியல் பரீட்சை ஒன்றின் கடைசிப் பாடத்தை வீட்டிலிருந்தே எழுத அனுமதி எடுத்திருந்தாள். கொழும்புக்குப் போய் எழுதுவதென்றால் இரண்டு நாள், கூடப் போக ஆள், தங்க இடம். அதனால் ஒரு அறையை ஒதுக்கி, மேசையில் லெப்டொப்பைத் தவிர ஒன்றும் வைக்காமல் குறித்த நேரத்துக்கு உட்கார்ந்தாள். பரீட்சைச் செயலி ஓடத் தொடங்கியதும் ஒரு அறிவித்தல்: இரண்டாவது திரை இணைக்கப்பட்டுள்ளது, கழற்றவும். அவளிடம் இரண்டாவது திரை இல்லை. எங்கேயோ ஒரு நாட்டில் இருந்து கண்காணிக்கிற ஆள் அறையைக் காட்டச் சொல்ல, லெப்டொப்பைத் தூக்கிச் சுவர், கதவு, ஜன்னல், மேசைக்குக் கீழ் எல்லாம் காட்டினாள். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லைதான். ஆனாலும் செயலி இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறதுதானாம். கால் மணித்தியாலத்தில் பரீட்சையை மூடிவிட்டார்கள். ஒரு வருடப் படிப்பு. அவள் எனக்கு அழைத்தபோது அழவில்லை. இல்லாத ஒன்றை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் கேட்டாள்.

உடனே போனேன். அவளுடைய வாப்பா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனார். லெப்டொப்பின் திரை அமைப்பைத் திறந்தேன். இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று அவளுடைய திரை. மற்றதைப் பார்த்ததும் அது யார் வைத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போன வருடம் புத்தகத்தை ஒரு பக்கம் வைத்துப் படிக்க அவளுடைய தொடுதிரை டெப்பை இரண்டாவது திரையாக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். அதற்கு ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தவன் நான். டெப் விழுந்து உடைந்த பிறகு அந்தச் செயலியை அழித்தவனும் நான். அழித்தது மேல்பகுதி மட்டும்தான். இல்லாத திரையை இருப்பதாகக் காட்டுகிற அடிப்பகுதி உள்ளேயே இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை.

பரீட்சைக் கம்பனியின் பிழை என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எல்லாரும் நம்பியிருப்பார்கள். சொல்ல வாய் வரவில்லை. என்ன நடந்தது என்பதை ஹஸ்னாவிடமும் வாப்பாவிடமும் சொன்னேன். அதையே ஆங்கிலத்தில் கடிதமாக எழுதி, என் பெயரையும் கையெழுத்தையும் போட்டு, அவளுடைய முறைப்பாட்டோடு அனுப்பினோம். கருவிக்குப் பரீட்சார்த்தியே பொறுப்பு என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை எத்தனை தடவை வாசித்து வாசித்துக் கொதித்தேன் என்று எனக்கே தெரியாது. எழுதியவன் ஒரு தடவையாவது என் கடிதத்தை வாசித்தானோ என்னவோ.

நான்கு மாதத்துக்குப் பிறகு அடுத்த தவணை. இந்த முறை ஒன்றுமே போடாத வேறொரு லெப்டொப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் நாளே அவள் முன்னால் திரை அமைப்பைத் திறந்து ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று காட்டினேன். பரீட்சை நடந்த மூன்று மணித்தியாலமும் அவர்கள் வீட்டு வாசல் படலையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். நின்று ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரிந்தும் நின்றேன். பாஸாகிவிட்டாள். முடிவு வந்த அன்று அவள்தான் அழைத்துச் சொன்னாள். தன்னுடைய பழைய லெப்டொப்பை விற்றுவிடாமல் வைத்திருப்பதாகவும் சொன்னாள். அப்படியென்றால் ஒரு நாள் கொண்டுவா, முழுக்கத் துப்புரவாக்கித் தருகிறேன் என்றேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்.

“வாணாம் காக்கா. நீங்க அதத் தொடாம இரிந்தாக் காணும்.”

இரண்டு திரை வைத்தால் வேலை பாதியாகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், என் பதினொரு வருட அனுபவத்தில் பாதியானது பொறுமை மட்டும்தான்.